அறிவுரை இல்லமும் அட்டைப் பெட்டியும்

பின்லாந்து நாடு 1809 வரை சுவீடன் அரசின் கீழ் இருந்தது. அந்த அரசு 1749 முதல் ஒரு வேலையைத் தன் நாட்டுப் பாதிரிமார்களிடம் ஒப்படைத்திருந்தது. ஒவ்வொரு ஊரிலும் யார் பிறந்தார், யார் இறந்தார், எந்த வயதில் இறந்தார் என்று எழுதிக் கணக்கு அனுப்ப வேண்டும். போருக்கு ஆள் சேர்க்கவும் வரி தண்டவும் மக்கள் தொகை தெரிய வேண்டும் என்பதே அரசின் எண்ணம். ஆனால் அந்தக் கணக்கேடுகள் அரசு எதிர்பாராத ஒன்றையும் காட்டிவிட்டன. கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும் பங்கினர் நடக்கவே தொடங்காத பச்சிளங் குழந்தைகள்!

இதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. போத்னியா வளைகுடாவின் கீழ்க்கரையில் இருந்த ஊர்களில் குழந்தைச் சாவு மிக அதிகம். அங்கே வறுமை மிகுதியோ என்றால், அப்படியும் இல்லை. நல்ல விளைநிலமும் கறவை மாடுகளும் உள்ள பகுதி அது. காரணம் வேறோர் இடத்தில் இருந்தது. அந்தக் கரையோரப் பெண்களிடையே குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் அருகிப் போயிருந்தது. குறுகிய கோடைக்குள் வயல் வேலை, மாட்டு வேலை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஆகவே தொட்டிலுக்கு மேல் ஒரு மாட்டுக் கொம்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். குடைந்தெடுத்த கொம்பின் நுனியில் துளையிட்டு, மாட்டு மடிக் காம்பின் தோலைக் கட்டியிருப்பார்கள். கொம்பில் பசும்பாலை ஊற்றி வைத்தால் குழந்தை வேண்டும்போது சப்பிக் குடித்துக் கொள்ளும். கொம்பின் உட்புறத்தை யாராலும் முழுமையாகக் கழுவ முடியாது. கோடை வெப்பத்தில் அந்தப் பால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம். தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் நிலைத்திருந்த ஏழை ஊர்களில் குழந்தைகள் பிழைத்தன. வளமான ஊர்களில் வயிற்றுப்போக்கால் மாண்டன.

அதே நாட்டில் நல்லதொரு வழக்கமும் இருந்தது. கிராமத்துப் பெண்கள் பிள்ளை பெறுவதற்குச் சவுனா எனப்படும் நீராவிக் குளியலறைக்குச் செல்வார்கள். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான், வெந்நீர் உண்டு, புகையும் வெப்பமும் ஏறிய மரச் சுவர்களில் கிருமிகள் மற்ற இடங்களைவிடக் குறைவு. கிருமிகள் என்ற சொல்லே பிறவாத காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. பழைய வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போற்றவும் முடியாது, தள்ளவும் முடியாது என்பதற்குக் கொம்பும் சவுனாவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சான்றுகள்.

பெர்லினில் ஓர் இளைஞர்

1887-இல் பின்லாந்தின் அக்கா என்ற ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஆர்வோ யுல்ப்போ. மருத்துவம் பயின்ற அவர் 1912-இல் ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் 1909-இல் திறக்கப்பட்ட அரசி அகஸ்டா விக்டோரியா இல்லம், கைக்குழந்தைச் சாவைக் குறைக்கும் வழிகளை ஆராய்வதற்கென்றே ஏற்பட்டது. அங்கே யுல்ப்போ எட்டு ஆண்டுகள் பணி செய்தார்.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றி அந்நாளில் மருத்துவர்கள் கொண்டிருந்த கருத்து விந்தையானது. அவை பிறவியிலேயே உயிர்ச்சத்துக் குன்றியவை, பிழைத்தாலும் பயனில்லை என்று ஒதுக்கி விடுவார்கள். யுல்ப்போ அப்படி ஒதுக்கவில்லை, அளந்தார். பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் பித்தநிறமியான பிலிருபின் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு, பிறந்த சில நாள்களில் வரும் மஞ்சள் நிறத்துக்கு ஈரல் இன்னும் முதிராமையே காரணம் என்று 1913-இல் எழுதினார். குறைமாதக் குழந்தை நோயாளியன்று, முதிராத குழந்தை; முதிரும்வரை வெப்பமும் உணவும் தந்து காத்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும் என்பது அவர் கண்ட முடிவு. 2500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைத் தனிக் கவனத்துக்கு உரியவையாக அவர் வகுத்தார். இந்த எல்லையைப் பின்னர் உலக நலவாழ்வு நிறுவனமும் ஏற்றது. இன்று நம் ஊர் மகப்பேறு மனைகளில் ‘எடை இரண்டரைக் கிலோவுக்கு மேலா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது.

1920-இல் யுல்ப்போ தாயகம் திரும்பினார். அவர் விட்டுச் சென்றபோது உருசியப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்த நாடு, 1917 டிசம்பரில் விடுதலை அடைந்து, அடுத்த சில வாரங்களிலேயே உள்நாட்டுப் போரில் வீழ்ந்து, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்து, பஞ்சத்தின் விளிம்பில் நின்றது. போரில் வென்ற வெள்ளைப் படையின் தலைவர் மன்னர்ஹெய்ம். அவருடைய தமக்கை சோபி மன்னர்ஹெய்ம், இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற செவிலி. திருமணமாகாத ஏழைத் தாய்மாரும் அவர்களுடைய குழந்தைகளும் தங்குவதற்கென 1918-இல் ஹெல்சிங்கியில் ‘குழந்தைக் கோட்டை’ என்ற இல்லம் ஏற்பட்டதில் சோபிக்குப் பெரும் பங்கு உண்டு. 1920 அக்டோபரில் தம்பியின் பெயரால் குழந்தை நலக் கழகம் ஒன்று தொடங்கியபோதும் அவர் முன்னின்றார். குழந்தைக் கோட்டையின் தலைமை மருத்துவராக யுல்ப்போ அமர்ந்தார். தோற்ற செம்படையினரின் குடும்பங்கள் வென்ற தளபதியின் பெயரைத் தாங்கிய கழகத்தை எப்படி நோக்கியிருப்பார்கள்? ஐயம் இருந்தது இயற்கையே. அந்த ஐயத்தைக் கரைத்தது பேச்சன்று, தராசு.

நோயில்லாத குழந்தைக்கு மருத்துவர் எதற்கு?

1922-இல் குழந்தைக் கோட்டையில் யுல்ப்போ தொடங்கியதற்கு ‘நெவோலா’ என்று பெயர். ‘நெவோ’ என்றால் பின்னிய மொழியில் அறிவுரை. ‘லா’ என்பது இடத்தைக் குறிக்கும் ஈறு. அறிவுரை இல்லம் என்று நாம் சொல்லலாம். இங்கே நோயுற்ற குழந்தைக்கு இடமில்லை. நோயில்லாத குழந்தையைத்தான் கொண்டுவர வேண்டும். தாய்மார்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும்.

இக்கருத்து யுல்ப்போவின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. பாரிசில் பியர் புதேன் 1892-இல் தம் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை வாரந்தோறும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எடை பார்த்தார். 1894-இல் பிரான்சின் பெக்கான் நகரில் லெயோன் துபூர் ‘பால் துளி’ என்ற நிலையத்தைத் தொடங்கித் தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்குத் தூய்மைப்படுத்திய பால் வழங்கினார். இந்தப் பால் துளி ஐரோப்பா முழுவதும் சிந்திப் பரவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெல்சிங்கியையும் எட்டியிருந்தது.

எடை பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நன்கு பால் குடிக்கும் குழந்தை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரு மடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆகும். இரண்டு வாரமாக முள் நகரவில்லை என்றால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குழந்தையிடத்திலும் ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது. காய்ச்சலும் பேதியும் வந்து சேர்வதற்கு முன்பே தராசு பேசிவிடுகிறது. அந்த இடைவெளியில் செவிலி தாயோடு உட்கார்ந்து பேசினால் போதும்: எத்தனை முறை பால் கொடுக்கிறாய், பாலில் என்ன கலக்கிறாய், வீட்டில் இருமுகிறவர் யார்? மருந்தே இல்லாத மருத்துவம் இது.

1926-இல் ஹெல்சிங்கியில் கருவுற்ற பெண்களுக்கான அறிவுரை இல்லமும் தோன்றியது. ஆனால் நகரத்தில் இருப்பது காட்டுக்குள் இருக்கும் சிற்றூருக்கு எட்டாது. கழகங்களின் செவிலிகள் கோடையில் மிதிவண்டியிலும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் வீடு வீடாகப் போனார்கள். நன்கொடையை நம்பிய முயற்சி. நன்கொடை கிடைத்த ஊரில் செவிலி இருந்தார், கிடைக்காத ஊரில் இல்லை.

அரசு கணக்குப் போடுகிறது

1930-களில் பின்லாந்து அரசை வேறொரு கவலை பற்றிக் கொண்டது. பிறப்பு குறைந்து வந்தது. பக்கத்துச் சுவீடனில் 1934-இல் ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் என்ற இணையர் எழுதிய நூல், பிள்ளை பெறும் குடும்பங்களுக்கு நாடு துணை நிற்காவிட்டால் மக்கள் தொகை தேயும் என்று வாதிட்டு வடநாடுகள் முழுவதும் சொற்போரைக் கிளப்பியது. பின்லாந்தில் அந்நாளில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 65 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. பிறப்பதும் குறைவு, பிறந்ததும் நிலைப்பதில்லை. கிழக்கே பெரிய அண்டை நாடு. அரசின் பரிவில் அச்சமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். அதே அரசு 1935-இல், ‘தகுதியற்றவர்’ என்று தான் கருதிய சிலரைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யவும் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் கட்டாயப் பிரிவுகள் 1970 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தன. தாயைப் போற்றும் சட்டத்தின் பக்கத்திலேயே இப்படியொரு சட்டமும் இருந்ததை வரலாறு எழுதுகிறவர் விட்டுவிடக் கூடாது.

1937-இல் மகப்பேறு உதவிச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வருவாய் குறைந்த தாய்மாருக்கு 450 மார்க்கு. அது ஓர் ஆலைத் தொழிலாளியின் மாத ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பணமாகப் பெறலாம், பொருளாகப் பெறலாம், பாதிப் பாதியாகவும் பெறலாம். தொடக்கத்திலேயே பிள்ளை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இதற்கு உரியவர் ஆனார்கள். பொருளாகப் பெற்றவர்களுக்குத் துணிகளும் படுக்கையும் வந்தன. பின்னர் அவற்றை வைத்து அனுப்பிய அட்டைப் பெட்டியே குழந்தையின் முதல் தொட்டிலாகவும் ஆனது. அடியில் சிறு மெத்தை. நான்கு பக்கமும் சுவர்போல் அட்டை. வீட்டில் அனைவரும் ஒரே படுக்கையில் நெருக்கிப் படுத்த ஏழைக் குடும்பங்களில் குழந்தைக்கென்று தூய தனியிடம் கிடைத்தது.

போர் வந்தது. பருத்தியும் சணல் நாரும் படைக்குப் போய்விட்டன. பெட்டிக்குள் வைக்கத் துணி இல்லை. ஆனாலும் பெட்டி நிற்கவில்லை. படுக்கை விரிப்பையும் குழந்தையைச் சுற்றும் போர்வையையும் காகிதத்தில் செய்து அனுப்பினார்கள்! காட்டு மரமும் காகித ஆலையும் உள்ள நாட்டுக்கு அது ஒன்றுதான் தட்டுப்பாடில்லாத பொருள்.

அந்தப் போருக்கு நடுவில், 1944-இல், மிக முக்கியமான சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு ஊராட்சியும் தாய் சேய் அறிவுரை இல்லம் நடத்தியே தீர வேண்டும். மருத்துவச்சியையும் நலவாழ்வுச் செவிலியையும் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். தாய்மாரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நன்கொடை கடமையாயிற்று. பெட்டியைப் பற்றி உலகம் இன்று நிறையப் பேசுகிறது. இந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசுவார் குறைவு. பெட்டியைப் படம் பிடிக்கலாம், செவிலியின் சம்பளப் பட்டியலை எவர் படம் பிடிப்பார்?

1949-இல் மகப்பேறு உதவி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. பணக்காரர் வீட்டிலும் அதே பெட்டி, ஏழை வீட்டிலும் அதே பெட்டி. ஆனால் ஒரு நிபந்தனை: கருவுற்ற பெண் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ அறிவுரை இல்லத்திலோ ஒருமுறையாவது தன்னைக் காட்டியிருக்க வேண்டும்.

ஏன் நான்காம் மாதம்? மேகநோய் தாயின் இரத்தத்தில் இருந்தால், முன்னதாகவே கண்டு மருந்து கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றலாம். பிந்தினால் காலம் கடந்துவிடும். காச நோயையும் சோகையையும் கண்டுகொள்ளலாம். தாயின் இரத்த அழுத்தம் இயல்பாக எவ்வளவு என்று முதலில் தெரிந்தால்தான், பின் மாதங்களில் அது ஏறும்போது ஏறியது தெரியும். சிறுநீரில் புரதமும் சேர்ந்து தோன்றினால் வலிப்பு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டி அறியலாம். பெட்டிக்காக வந்த பெண், இவ்வளவையும் பெற்றுக்கொண்டு போனாள்.

பெட்டியா, செவிலியா?

ஆயிரத்துக்கு 65 என்றிருந்த குழந்தை இறப்பு 1960-இல் 21 ஆகவும், 1970-இல் 13 ஆகவும், 1980-இல் 8-க்கும் கீழாகவும் இறங்கியது. இன்று ஏறத்தாழ 2. இதைப் பார்த்து ‘அட்டைப் பெட்டி குழந்தைகளைக் காப்பாற்றியது’ என்று எழுதுவோர் பலர். இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். பின்லாந்தைப்போல் வீட்டுக்கு வீடு பெட்டி அனுப்பாத சுவீடனிலும் நார்வேயிலும் அதே காலத்தில் குழந்தை இறப்பு அதேபோல் வீழ்ந்தது. அங்கேயும் இலவசத் தாய் சேய் நிலையங்கள் பரவியிருந்தன. பெட்டிக்குள் உறங்குவதாலேயே குழந்தை பிழைக்கிறது என்பதற்குத் தக்க சான்று எதுவும் இல்லை. பென்சிலின், தடுப்பூசி, நல்ல வீடு, மருத்துவமனைப் பேறு, கல்வி, போருக்குப் பின் உயர்ந்த வருவாய் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. பெட்டி அந்தத் தேரின் வடம் அன்று. கூட்டத்தைக் கூட்டிய மேளம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அறிவுரை இல்லத்தின் அறிவுரையும் எப்போதும் சரியாக இருந்ததில்லை. வடக்கே குளிர்காலத்தில் கதிரவனைக் காண்பதே அரிது. வெயில் படாத தோலில் வைட்டமின் டி உண்டாகாது. எலும்பு மெலிந்து கால் வளையும் கணை நோய் வரும். ஆகவே குழந்தைகளுக்கு வைட்டமின் டி கொடுக்கச் சொன்னார்கள், சரிதான். ஆனால் 1950-களில் சொன்ன அளவு நாளொன்றுக்கு 4000 முதல் 5000 அலகு! 1964-இல் அதை 2000 ஆகவும், 1975-இல் 1000 ஆகவும், 1992-இல் 400 ஆகவும் குறைத்தார்கள். பெட்டியிலும் அப்படியே. 1957 வரை தாய் தானே தைத்துக்கொள்ளத் துணி வந்தது. பிறகு தைத்த உடைகள் வந்தன. 1969-இல் பயன்படுத்தி எறியும் அரைத்துணி வந்தது. குப்பை பெருகுகிறது என்று 2006-இல் துவைத்துக் கட்டும் துணி திரும்பி வந்தது. அதே ஆண்டு பால் புட்டியை எடுத்துவிட்டார்கள், தாய்ப்பாலுக்குப் போட்டியாக எதற்கு ஒரு புட்டி என்று. கொம்பு தொங்கிய நாடல்லவா!

கருவுறுவதற்கு முன்னும், பிறந்த பின்னும்

நான்காம் மாதமே முன்னதாக வந்துவிட்டோம் என்று 1949-இல் எண்ணினார்கள். அறிவியல் அதற்கும் முன்னே போகச் சொன்னது. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பல குழந்தைகளின் தாய்மாருக்குக் கருவுற்ற தொடக்க மாதங்களில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்ததைக் கவனித்து எழுதினார். இதற்குக் கருவுற்றபின் செய்யக்கூடியது ஏதுமில்லை. சிறுமியாக இருக்கும்போதே தடுப்பூசி போட வேண்டும். பின்லாந்து 1982-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இரு தவணைத் தடுப்பூசியைத் தொடங்கித் தட்டம்மை, புட்டாளம்மை, ஜெர்மன் தட்டம்மை மூன்றையும் ஒருசேர விரட்டியது. ஏழு நாடுகளில் நடந்து 1991-இல் முடிவு வெளியான ஆய்வு மற்றொன்றைக் காட்டியது. முன்பு தண்டுவடக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார், மறுமுறை கருவுறும் முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு எழுபது அளவுக்கு மேல் குறைகிறது. கருவின் நரம்புக்குழல் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அந்நாளில் பல பெண்கள் தாம் கருவுற்றதையே அறியார்! இன்று பல நாடுகளில் பிள்ளை வேண்டும் என்று எண்ணும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பிள்ளைப்பேற்றைத் திட்டமிடுவது என்பது ‘எத்தனை, எப்போது’ என்பதோடு முடிவதில்லை.

1972-இல் வந்த மக்கள் நலவாழ்வுச் சட்டம் அறிவுரை இல்லங்களை ஊர் நல நிலையங்களோடு இணைத்துக் கருத்தடை அறிவுரையையும் அவற்றின் கடமையாக்கியது. இப்போதைய விதிப்படி பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டில் குறைந்தது 9 முறை, பள்ளி செல்லும் முன் மேலும் 6 முறை பரிசோதனை உண்டு. நான்காம் மாதம், பதினெட்டாம் மாதம், நான்காம் ஆண்டு ஆகிய மூன்று வேளைகளில் குழந்தையை மட்டும் பார்ப்பதில்லை; குடும்பத்தையே பார்க்கிறார்கள். தந்தையும் வர வேண்டும். தாய் மனச்சோர்வில் இருக்கிறாளா, வீட்டில் குடி உண்டா, வேலை போய்விட்டதா என்றெல்லாம் செவிலி கேட்கிறார். முதலாளி முன்னும் காவலர் முன்னும் வாய் திறவாதவர்கள் இந்தச் செவிலியிடம் பேசுவதற்குக் காரணம், பெரும்பாலும் கருவுற்ற நாள் முதல் அவரே வந்து போகிறார் என்பதுதான்.

நம் மாநிலத்தின் வழியும் இதற்கு மிகத் தொலைவில் இல்லை. 1987-இல் தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மாருக்கு 300 ரூபாய் வழங்கத் தொடங்கியது. 2018-இல் அந்த உதவி 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தபோது, 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவு செய்வது முதல் தவணைக்கு நிபந்தனையாயிற்று. ஹெல்சிங்கி 1949-இல் கண்ட அதே உத்தி. 2015 முதல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் வழங்கினார்கள். துண்டு, மெத்தை, கொசுவலை, கிலுகிலுப்பையோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தது. பின்னியப் பெட்டியில் கம்பளி உடை. நம் பெட்டியில் சுக்கு. பச்சை உடம்புக்கு எது வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் தன் பாட்டிமாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது போலும்.

பிறப்பைக் கூட்ட வேண்டும் என்ற 1930-களின் ஆசை என்னவாயிற்று? அது நிறைவேறவில்லை என்றே சொல்ல வேண்டும். இத்தனை துணை இருந்தும், 2010-இல் ஏறத்தாழ 61,000 குழந்தைகள் பிறந்த பின்லாந்தில் 2023-இல் பிறந்தவை 43,000-க்குச் சற்றே கூடுதல். பெட்டியும் செவிலியும் விடுப்பும் பிறந்த குழந்தையை வாழவைக்கின்றன. பிள்ளை பெறும் எண்ணத்தை அவை உண்டாக்குவதில்லை.

யுல்ப்போ 1963 வரை குழந்தைக் கோட்டையின் தலைமை மருத்துவராக இருந்தார். அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, 1992 ஜனவரியில் தம் 104-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த காலத்தில் அந்நாட்டில் ஆயிரத்துக்கு நூறு குழந்தைகளுக்கு மேல் ஓராண்டு முடியுமுன் இறந்து கொண்டிருந்தன. அவர் மறைந்த ஆண்டில் அது ஐந்தளவில் வந்து நின்றது.